பிரியாத தையல்

அவளுக்குப் பல்லி என்று பெயர் வைத்தவர் மேஸ்திரி. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், நாற்பதடிக்குக் கிளையே இல்லாமல் வழவழவென்று நின்ற ஒரு மரத்தில் அவள் ஒட்டிக்கொண்டு ஏறுவதை அண்ணாந்து பார்த்தவர், "பொண்ணா இது, பல்லியா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டார். பெற்றவர்கள் பார்த்துப் பார்த்து வைத்த பெயர் அன்றோடு அடையாள அட்டைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. அவளுக்குக் கோபமெல்லாம் வரவில்லை. பல்லி விழுந்தாலும் எழுந்து ஓடிவிடும், நல்ல பெயர்தான் என்று எடுத்துக்கொண்டாள்.

குழுவில் மொத்தம் நான்கு பேர். மரத்தை மூன்று சுற்றுச் சுற்றிவந்து, எந்தக் கிளை எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்று முடிவு செய்வது மேஸ்திரி. மேலே ஏறுவது பல்லியும் நெட்டையனும். கீழே நின்று கயிறு பிடிப்பவர் வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. அதனால் அவருக்கு ரேடியோ என்று பெயர்.

ஏறுகிறவர்களுக்கு இடுப்பிலும் தொடையிலும் வார்ப்பட்டை, அதில் கயிறு, பக்கவாட்டில் ஒரு வாரில் தொங்கும் சின்னச் செயின் ரம்பம். தரையில் நின்று அறுப்பவர் காலை அகட்டி, உடம்பைத் தள்ளி வைத்துக்கொள்ளலாம். மேலே அந்த வசதி கிடையாது. ஒரு கால் கிளையிலும் ஒரு கால் காற்றிலுமாகத் தொங்கிக்கொண்டு, கைக்கு எட்டிய கோணத்தில் அறுக்க வேண்டும். ரம்பத்தின் பல் எந்நேரமும் இடது தொடைக்கு ஒரு சாண் தள்ளித்தான் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த ஒரு சாணுக்காகத்தான் மெத்தை.

மெத்தை என்பது ரம்பக்காரர்கள் போடுகிற பாதுகாப்புக் கால்சட்டைக்குக் குழு வைத்த பெயர். வெளியே முரட்டுத் துணி, உள்ளே தொடையிலிருந்து கணுக்கால்வரை அடுக்கடுக்காக ஏதோ தடிமனாக வைத்திருக்கும். போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும் என்பது விதி. ஏன், எப்படி என்று யாரும் கேட்டதில்லை. தடிமனாக இருக்கிறது, பல் பட்டாலும் சட்டென்று கிழியாது என்று ஆளாளுக்கு ஒரு நம்பிக்கை.

பல்லிக்குக் கிடைத்த மெத்தை மேஸ்திரி எங்கோ மூட்டையாக வாங்கி வந்ததில் ஒன்று. மூட்டை முழுக்க ஆண்களுக்கு வெட்டியது. இடுப்பு நின்றால் தொடை நிற்காது. கவட்டை முழங்கால் அளவுக்குத் தொங்கும். வலது காலைத் தூக்கிக் கிளையில் வைக்கப் போனால் இடது காலும் கூடவே கிளம்பும். நாலு முறை துவைத்ததும் உள்ளிருந்த அடுக்குகள் நெகிழ்ந்து, முழங்காலுக்கு மேலே பந்துபோலத் திரண்டுகொண்டன. மரத்தின் மேல் அவள் செலவழித்த நேரத்தில் பாதி, அந்தப் பந்தைப் பிசைந்து பிசைந்து மேலே தள்ளுவதற்கே போயிற்று.

"கிளையை அறுக்கச் சொன்னா இவ என்ன கால் அமுக்கிக்கிட்டு இருக்கா?" என்று நெட்டையன் பக்கத்துக் கிளையிலிருந்து கத்துவான்.

பல்லியின் கணவர் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. தெருவைப் பார்த்த கண்ணாடி ஜன்னல், வெட்டுகிற மேஜை, இரண்டு மெஷின், ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் பித்தான்கள். புதுத்துணி தைப்பதைவிடப் பிறர் தைத்ததைச் சரிசெய்வதில்தான் அவருக்குப் பெயர். ஒருவர் கடை வாசலைக் கடந்து நடந்தாலே எந்தத் தோள் இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் உயரம் என்றால் ஆகாது. நாற்காலியில் ஏறினாலே முகம் வெளுத்துப்போகும். வீட்டில் பல்பு மாற்றுவது பல்லி. அவள் மரம் ஏறுவதைப் பார்க்க இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அவர் வந்ததில்லை.

"எங்க வீட்டுல ஆம்பளை ஊசி புடிக்கிறான், பொம்பளை ரம்பம் புடிக்கிறா. இனி நான் பாக்க வேண்டியது என்ன பாக்கி இருக்கு?" என்று மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அது குறையா பெருமையா என்று கேட்டவர்களுக்குப் பிடிபடாது. சொல்லி முடித்ததும் சிரிப்பார் என்பதால் பெருமை என்றே பல்லி வைத்துக்கொண்டாள்.

அவளுடைய தொடையிலும் முட்டியிலும் துணி உராய்ந்து சிவந்திருந்ததைப் பார்த்த அன்று கணவர் அந்த மெத்தையைக் கையில் எடுத்தார். இரண்டு மாலை உட்கார்ந்தார். கவட்டையில் ஒரு துண்டு வைத்து அகட்டினார். இடுப்பைக் குறைத்தார். உள்ளே திரண்டு கிடந்ததையெல்லாம் விரல் விட்டு நீவி, பரப்பி, இனி ஜென்மத்துக்கும் நகராதபடி குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்டு, தடித்த நூலால் மேல்துணியோடு சேர்த்துத் தைத்துவிட்டார். இரண்டு காலிலும் ஒரே அளவுக் கட்டங்கள். கோட்டில் ஒரு நூலிழை கோணல் கிடையாது. கடைசியாக, இடுப்பின் உட்பக்கம் கம்பெனி பெயரும் குறிப்பும் அச்சடித்திருந்த துணித் துண்டை வெட்டி எடுத்துப் பித்தான் டப்பாவில் போட்டார். அவளுக்குத் தோல் மெல்லியது. எந்தச் சட்டை வாங்கினாலும் அவர் முதலில் செய்வது அதைத்தான்.

மறுநாள் பல்லி மரத்தில் ஏறியபோது கீழே நின்ற ரேடியோவே "ம்" என்றார். கால் எங்கே போனதோ அங்கே துணியும் போயிற்று. பாதி நாள் வேலையை டீ நேரத்துக்குள் முடித்துவிட்டாள்.

அப்படியே எட்டு மாதம் ஓடிற்று. முட்டி தேய்ந்து, பின்பக்கம் நூல் நூலாக வந்துவிட்ட பிறகு மேஸ்திரி சொன்னார்: "நாளைக்கு நூலகத்து மரம். பெரிய கிளை வெடிச்சுக் கூரை மேல சாஞ்சிருக்கு, பார்த்தியா? மெதுவா அறுக்க வேண்டிய வேலை. இந்தக் கந்தலோட ஏறாத. கடைக்குப் போய்ப் புதுசு எடுத்துக்கோ, பில்லை எங்கிட்ட குடு. இந்தத் தடவை மூட்டையில கை வைக்க மாட்டேன்."

ரம்பமும் கயிறும் விற்கிற கடையில் முதலாளியின் மகள்தான் எல்லாம். நகக்கண்ணில் எண்ணெய்க் கறையோடு, யாரோ கொண்டுவந்த ரம்பத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பல்லி வேலைக் கால்சட்டையோடு நேராக வந்திருந்தாள்.

"புதுசு எதை எடுத்தாலும் கடைசியில இப்படித்தான் தைக்கணும், பாரு" என்று தொடையைத் தட்டிக் காட்டினாள். "எங்க வீட்டுக்காரர் கைவேலை."

கடைக்காரப் பெண் எழுந்து வந்து குனிந்து பார்த்தாள். கட்டங்களின் மேல் விரலை ஓட்டினாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு இறங்கிவிட்டது.

"அக்கா, இதைப் போட்டுக்கிட்டா ஏறுறீங்க?"

"எட்டு மாசமா."

அவள் உள்ளே போய் ஒரு பழைய கால்சட்டையைக் கொண்டுவந்து மேஜைமேல் விரித்தாள். தொடையில் ஒரு கிழிசல். அந்தக் கிழிசல் வழியாக வெள்ளை நார், ஒரு கிழவரின் தாடிபோலப் பொங்கி வெளியே கிடந்தது.

"தடிமனா இருக்கறதால இது காப்பாத்துதுன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. தடிமன் ஒண்ணும் பண்ணாதுக்கா. ரம்பத்துக்கு முன்னால எந்தத் துணி நிக்கும்? உள்ள இருக்கறது நூல். நீள நீளமா, எதோடயும் ஒட்டாம, சும்மா கெடக்குற நூல். பல்லு மேல்துணியைக் கிழிச்ச உடனே அதை வாரி இழுக்கும். இழுத்த நூல் அப்படியே போய் உள்ள இருக்கற சக்கரத்துல சுத்திக்கும். ரம்பம் மூச்சடைச்சு நின்னுடும். நீங்க 'ஐயோ'ன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள."

"அவர் ஒரு நூலைக்கூட வெட்டலையே. நல்லா இறுக்கித்தானே தைச்சாரு?"

"இறுக்கிட்டாரே, அதான். நூல் வெளிய வந்தாத்தான் உங்க கால் தப்பிக்கும். இதுல எங்க வரும்? ஒவ்வொரு கட்டத்துலயும் கட்டிப் போட்டிருக்காரு." பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கியவள்போல், "இடுப்புல ஒரு துண்டு இருந்திருக்குமே. ஊசி படம் போட்டு, குறுக்க கோடு அடிச்சிருக்கும்" என்றாள்.

பல்லிக்குப் பித்தான் டப்பா நினைவுக்கு வந்தது. கடைக்காரப் பெண்ணின் விரல் இடது தொடையில் ஓரிடத்தில் நின்றிருந்தது. இரண்டு விரல் அகலத்தில், கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுணுக்கமாக இழை ஓட்டிய ஒரு இடம்.

"இது என்ன?"

"முள்ளு கிழிச்சது."

"முள்ளா?" என்றாள் அவள். அதற்குமேல் கேட்கவில்லை.

முள் இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால், அறுத்துக்கொண்டிருந்த கிளை சட்டென்று எகிறி ரம்பத்தைத் தட்டிவிட்டது. விசையை விட்டுவிட்டாள்; ஆனாலும் நிற்பதற்கு முன் சங்கிலி ஒரு முறை தொடையைத் தொட்டுவிட்டுத்தான் நின்றது. மேல்துணி மட்டும் போயிற்று. மெத்தை இருந்ததால் பிழைத்தோம் என்று அன்றைக்கெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் முள் என்று சொன்னாள். இப்போது அந்தக் கடையில் நிற்கையில்தான் புரிந்தது. மெத்தை அன்று ஒன்றுமே செய்யவில்லை. விரல் விசையை விட்டதுதான் காப்பாற்றியது.

வீடு திரும்புகிற வழியெல்லாம் ஒரு பொய் நாக்கில் தயாராக இருந்தது. பழசு நைந்துபோய்விட்டது, புதுசு வாங்கிவிடலாம் என்றால் முடிந்தது. அவர் மனம் நோகாது. ஆனால் புதுசும் அதே மெஷினுக்குத்தான் வந்து சேரும். இரண்டு மாலை உட்கார்ந்து அதற்கும் கட்டம் போடுவார்.

முன்னறைக்குள் நுழைந்தபோது அந்தப் பொய்யும் கையைவிட்டுப் போயிற்று. மெஷினில் ஒரு மெத்தை ஏறியிருந்தது. நெட்டையனுடையது.

"வா, வா" என்றார் கணவர், நிமிராமல். "உன் ஜோடிக்காரன் நேத்து குடுத்துட்டுப் போனான். எனக்கும் பல்லி மாதிரியே வேணும்ணேன்னு ஒரே கெஞ்சல். ஒரு கால் முடிஞ்சுது. இன்னொரு கால் ராத்திரிக்குள்ள முடிச்சுடுவேன். உங்க மேஸ்திரியும் கேட்டிருக்காராமே?"

"ஊர்ல மரம் ஏறுற எல்லாக் காலும் இனி நம்ம வாசல்லதான் நிக்கப் போகுது" என்றார் மாமியார், உள்ளிருந்து.

"ஏங்க, மெஷினைக் கொஞ்சம் நிறுத்துங்க."

நிறுத்தினார். அவள் நின்றபடியே சொன்னாள். நூல், சக்கரம், கட்டம், ஊசிப் படம் எல்லாவற்றையும் கடைக்காரப் பெண் சொன்ன வரிசையிலேயே சொன்னாள். தொடைக் கிழிசலை மட்டும் விட்டுவிட்டாள். அவர் கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் சிரித்தார்.

"யாரு, அந்தக் கடைப் பொண்ணா? அவளுக்குப் புதுசு விக்கணும். என்ன வேணும்னாலும் சொல்லுவா. ஏன், எட்டு மாசத்துல என் தையல் எங்கயாவது பிரிஞ்சுதா? ஒரு நூல் பிரிஞ்சுதா, சொல்லு."

"பிரியலங்க. பிரியாததுதான் தப்பாம்."

"அத்தனையும் நெஞ்சு வலிக்க வலிக்கத் தைச்சான்டி அவன்" என்றபடி மாமியார் வாசற்படியில் வந்து நின்றார். "குத்தம் சொன்னா மெஷினே அழும்."

"அத்தை, நான் குத்தம் சொல்லல."

கணவர் நெட்டையனின் கால்சட்டையை மெஷினிலிருந்து எடுத்தார். கட்டம் போட்ட காலையும் போடாத காலையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டையும் விரலிடையில் வைத்துத் தேய்த்தார். போடாத காலில், மேல்துணிக்கு அடியில் என்னவோ வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. போட்ட காலில் எதுவும் நகரவில்லை. அவர் முகம் கொஞ்சம் மாறிற்று. இருந்தாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"அறுத்துக் காட்டு" என்றார்.

ரம்பங்கள் வைக்கிற கொட்டகையில் வெயில் இன்னும் பாதி நின்றிருந்தது. மேஸ்திரியும் நெட்டையனும் ரேடியோவும் மறுநாளைக்கான கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். தையல்காரர் அங்கே வருவது இதுதான் முதல் தடவை.

"என்னண்ணே, நேர்லயே டெலிவரியா? என் பேன்ட் முடிஞ்சுதா?" என்றான் நெட்டையன்.

"இன்னும் கொஞ்ச நேரத்துல முடிஞ்சுடும்" என்றாள் பல்லி.

தொடை பருமனில் ஒரு கட்டையை எடுத்து, கட்டம் போடாத காலுக்குள் நுழைத்து, இரண்டு பக்கமும் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். கட்டை ஆடாமல் இருக்க ரேடியோ ஆணி அடித்த பலகை ஒன்றைக் கொண்டுவந்து அதற்கு அடியில் போட்டார். ரம்பத்தை உயிர்ப்பித்து, முழு வேகத்தில் விட்டு, பல்லை மெதுவாகத் துணியில் இறக்கினாள். ஒரு இருமல்தான் கேட்டது. அவ்வளவு சத்தமும் அதோடு அறுந்தது. ரம்பம் அவள் கையில் பிணமாகக் கனத்தது. கிழிசலிலிருந்து வெள்ளை நார் வாரி இழுக்கப்பட்டு, சங்கிலி நுழைகிற வாய் முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது. கட்டையில் கீறல்கூட இல்லை.

"ஆத்தாடி" என்றான் நெட்டையன்.

அடைத்ததை எடுக்காமல் ரம்பம் ஓடாது. மூடியைக் கழற்றி மேஸ்திரி குறட்டால் பிடுங்கப் பார்த்தார், வரவில்லை. தையல்காரர் அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். சிக்கலைப் பிரிக்கிற விரல்கள் அவை. சக்கரத்தில் இறுகிய நாரை முனை கண்டுபிடித்து, எதிர்த் திசையில் சுற்றி, இழை இழையாக உருவி எடுத்தார். ஒவ்வொரு இழையும் ஒரு ஆள் உயரம் இருந்தது. அவற்றைக் கீழே போடாமல் தோளில் போட்டுக்கொண்டே வந்தார்.

பிறகு பல்லி அதே கட்டையைக் கட்டம் போட்ட காலுக்குள் நுழைத்துக் கட்டினாள். ரம்பத்தை இறக்குவதற்கு முன்பு அவரை ஒரு முறை பார்த்தாள். "ம், அறு" என்றார்.

ரம்பம் இருமவில்லை. ஒரு தயக்கம், அவ்வளவுதான். பிறகு துணி போயிற்று, கட்டம் போயிற்று, அடியிலிருந்து மஞ்சளாக மரத்தூள் பறந்து அவருடைய செருப்பின் மேல் கொட்டியது. அவள் விசையை விட்டபோது பல் கட்டைக்குள் நான்கு விரல் ஆழத்தில் நின்றிருந்தது.

தையல்காரர் குனிந்து அந்தத் தூளைக் கையில் எடுத்துப் பார்த்தார். பக்கத்திலிருந்த அடிமரத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"மூட்டையில வாங்கினவன் நான்" என்றார் மேஸ்திரி. "உள்ள என்ன இருக்குன்னு நானும் கேக்கல, இவங்களுக்கும் சொல்லல. உங்க மேல என்ன தப்பு?"

தையல்காரருக்கு அது காதில் விழுந்த மாதிரி இல்லை. "எத்தனை மரம் ஏறியிருப்பே, அதைப் போட்டுக்கிட்டு?" என்று பல்லியைக் கேட்டார்.

எல்லா மரமும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. "கொஞ்சம்தான்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் பிஸ்கட் டப்பாவை மேஜைமேல் கவிழ்த்தார். பித்தான்களுக்கு நடுவே கழுத்துத் துண்டு, இடுப்புத் துண்டு என்று ஏகப்பட்ட சின்னச் சின்னத் துணிகள் கிடந்தன. அவள் போட்ட சட்டை எல்லாவற்றிலிருந்தும் வெட்டியவை. அதில் ஒன்றை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். ஊசி, அதன் குறுக்கே ஒரு கோடு.

"படிக்கத் தெரியாதவனுக்குக்கூடப் புரியும், இல்ல?" என்றார். "பார்க்கவே இல்லை. குத்துமேன்னு வெட்டிப் போட்டேன்."

"விடுங்க. எனக்கு ஒண்ணும் ஆகலையே."

"ஆகலையா?" அவர் எழுந்து, அவள் சற்றுமுன் கழற்றி மாட்டிய பழைய மெத்தையைக் கொக்கியிலிருந்து எடுத்து, இடது தொடையை விரித்தார். "முள்ளுன்னு சொன்னே. முப்பது வருஷமா கிழிஞ்ச துணியைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன். முள்ளு இழுத்தா இழை நீளும், ஒரு பக்கமா ஓடும். இழை ஓட்டினப்போ நான் பார்த்தது வெட்டு. வரிசையா, பல்லு பல்லா வெட்டு. முள்ளு இப்படியா கிழிக்கும்?"

பல்லி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"கேட்டா நீ நிறுத்தவா போறே? பயத்துல எனக்குத் தெரிஞ்சதைச் செஞ்சேன்." கிழிசலைச் சுற்றி, மற்ற இடங்களைவிட நெருக்கமாக ஓடிய இன்னொரு வரிசைத் தையலைத் தொட்டுக் காட்டினார். "இன்னும் கெட்டியா இருக்கட்டும்னு இதையும் போட்டேன்."

அவள் அதை அப்போதுதான் பார்த்தாள். அன்றைக்குத் துணி கொஞ்சம் விறைப்பாக இருந்தது ஞாபகம் வந்தது. புது நூல், போகப் போகச் சரியாகிவிடும் என்று விட்டிருந்தாள். அவர் பக்கத்தில் போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கவிழ்த்த பித்தான்களை டப்பாவுக்குள் அள்ளிப்போட ஆரம்பித்தாள். மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, தரையில் உருண்டிருந்த ஒரு பித்தானை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

காலையில் கடை திறப்பதற்கு முன்பே அவர் தயாராகி வாசலில் நின்றார். "நானும் வரேன்."

கடைக்காரப் பெண் அவரைப் பார்த்ததும் சங்கடப்பட்டாள். "அண்ணே, நான் நேத்து கொஞ்சம் பட்டுன்னு..."

"நீ சொன்னது நல்லதாப் போச்சும்மா. இருக்கறதுல நல்லதா எடுத்துக் காட்டு."

முதலில் அவர் கை போனது, கால் முழுக்கச் சுற்றி மெத்தை வைத்த ஒன்றின்மேல். முன்னும் பின்னும் ஒரு இடம் விடாமல் அடைத்திருந்தது. "இதுதான்" என்றார்.

பல்லி அதைப் போட்டுக்கொண்டு கடைக்குள்ளிருந்த ஏணியில் பத்து முறை ஏறி இறங்கினாள். பத்தாவது முறை கழுத்து முழுக்க வியர்வை. "இதைப் போட்டா ரம்பத்தால சாக மாட்டேன். வெந்தே செத்துடுவேன்."

"விளையாடாத."

"விளையாடலங்க. மேல களைச்சுப் போனாத்தான் கை தடுமாறும். கை தடுமாறினாத்தான் ரம்பம் தொடைக்கு வரும்."

"தரையில நின்னு அறுக்கறவங்களுக்குத்தான் இது சரியா வரும்ணே" என்றாள் கடைக்காரப் பெண். "ஏறுறவங்க பெரும்பாலும் முன்பக்கம் மட்டும் மெத்தை இருக்கறதை எடுப்பாங்க. பின்பக்கம் லேசான துணி, இழுத்தா நீளும். அக்கா எந்தப் பக்கமா அறுப்பாங்க?"

பல்லி ஏணியில் ஒரு கால், காற்றில் ஒரு கால் வைத்து, இல்லாத ரம்பத்தைப் பிடித்துக் காட்டினாள். தையல்காரர் அதைக் கண் கொட்டாமல் பார்த்தார். மனைவி மேலே தொங்கிச் செய்கிற வேலையை முதல் முறையாகப் பார்க்கிறார், அதுவும் மூன்றடி உயரத்தில். "முன்னால. அப்புறம் இடது பக்கம், வெளித்தொடை" என்றார் தனக்குள் சொல்லிக்கொள்வதுபோல். "மெத்தை அந்தப் பக்கம் வரைக்கும் வந்து திரும்பணும்."

அதன்பின் கடையில் இருந்ததெல்லாம் மேஜைக்கு வந்தது. துணியை விரலிடையில் தேய்த்துப் பார்த்தார்; சொரசொரப்பாக இருந்ததைச் சுள்ளி மாட்டும் என்று ஒதுக்கினார். ஒன்றில் பை சரியாக வார்ப்பட்டை இறுகுகிற இடத்தில் இருந்தது. "இதுல ஒரு சாவியை வெச்சா தொடையில பள்ளம் விழும்" என்றார். ஒன்றின் முட்டி நேராக வெட்டியிருந்தது. மடக்கினால் மெத்தை மேலே ஏறிக்கொண்டது. கவட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நாலு தையலும் ஒரே புள்ளியில வந்து முட்டுது, மொதல்ல இங்கதான் பிரியும்" என்று இன்னொன்றையும் தள்ளினார். கடைக்காரப் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "அண்ணே, நீங்க வாங்க வந்தீங்களா, பரீட்சை வைக்க வந்தீங்களா?"

பிறகு ஏதோ நினைவு வந்தவளாக, "பொம்பளைங்களுக்குன்னே வெட்டினது ஒண்ணு இருக்கு. கேக்க ஆளில்லாம உள்ள தூங்குது" என்று எடுத்து வந்தாள்.

அதைப் போட்டுக்கொண்டு பல்லி ஏறினாள். இறங்கினாள். குந்தி உட்கார்ந்தாள். காலைத் தூக்கி மேஜைமேல் வைத்தாள். இன்னொரு கால் இருந்த இடத்திலேயே இருந்தது. தொடைக்குப் பின்னால் காற்றுக்கு ஒரு ஜிப். கவட்டையில், கால் அகட்ட வசதியாக வைர வடிவில் வெட்டிய ஒரு துணித் துண்டு. மெத்தை இடது பக்கம் நான்கு விரல் திரும்பி, பிறகு நின்றது. தையல்காரர் மண்டியிட்டு அந்த ஓரத்தை விரலால் தொடர்ந்து போனார். மேல்துணிக்கு அடியில் நார் அடுக்கு வழுக்கிக்கொண்டு அசைந்தது. அங்கே விரலை வைத்துக் கொஞ்ச நேரம் அசைத்தபடியே இருந்தார்.

"வெட்டினவன் யாரோ, கெட்டிக்காரன்" என்றார். "எங்கெங்க கட்டணும், எங்கெங்க விடணும்னு தெரிஞ்சிருக்கு."

நீளம் மட்டும் இரண்டு விரல் கூடுதல். "கீழ் மடிப்புல மெத்தை வராதுண்ணே. அங்க நீங்களே மடிச்சுத் தைக்கலாம், ஒண்ணும் ஆகாது" என்றாள் கடைக்காரப் பெண்.

"வேண்டாம்மா. குட்டை அளவு இருக்கான்னு பாரு."

இருந்தது.

நூலகத்து மரத்தடிக்கு அவர்கள் போனபோது மேஸ்திரி கயிற்றைக் கிளைக் கவட்டில் எறிந்து முடித்திருந்தார். வெடித்த கிளை கூரைமேல் முழங்கை ஊன்றிய மாதிரி சாய்ந்திருந்தது. நெட்டையன் மெத்தை இல்லாமல் தரைவேலைக்கு இறக்கப்பட்டு, ரேடியோவுக்குப் பக்கத்தில் மூஞ்சியைத் தொங்கப் போட்டு நின்றான். "என் காலுக்கும் ஒண்ணு வேணும்ணே, அடுத்து என்னைக் கடைக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க" என்றான் தையல்காரரிடம். "வெள்ளிக்கிழமை வா" என்றார் அவர்.

பல்லி வார்ப்பட்டையை இறுக்கினாள். தோள், இடுப்பு, தொடை என்று ஒவ்வொரு பூட்டாகத் தட்டிப் பார்த்தாள். இடுப்பில் சுருக்கென்றது. உட்பக்கக் கம்பெனித் துண்டு, பட்டை அழுத்தியதும் தோலில் குத்தியது.

"ஏங்க, இந்தத் துண்டு குத்துது. இடுப்புலதானே இருக்கு, மெத்தைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. வெட்டி விடுங்களேன்."

நூல் வெட்டுகிற சின்னக் கத்தரி எப்போதும்போல் அவருடைய சட்டைப் பையில் இருந்தது. கை அதுவரைக்கும் போயிற்று. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு வெறுங்கையாகத் திரும்பி வந்து, அவளுடைய பட்டையின் மடிப்பை மட்டும் நேராக்கிவிட்டது.

"குத்தட்டும்" என்றார்.

அவள் சிரித்துக்கொண்டே கயிற்றில் ஏறினாள். கூரை உயரம் தாண்டியதும் குனிந்து பார்த்தாள். அவர் மேஸ்திரியின் தோளை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, முகம் வெளுத்துப்போய், கண்ணை மூடாமல் அண்ணாந்து நின்றிருந்தார். இடுப்பில் அந்தத் துண்டு இன்னும் குத்திக்கொண்டுதான் இருந்தது. அவள் ரம்பத்தைக் கையில் எடுத்தாள்.